மையவாடியிலிருந்து வந்த ரோஜாக் கம்பு

மெஹருன்னிசா என் அண்ணன் நாகூர் கனியின் மனைவி. எனக்கு மதினி. அவரைப் பற்றிச் சொல்வதென்றால் இதில்தான் தொடங்க வேண்டும்: அவருக்கு எதிலும் ஒரு முடிவுக்கு வரத் தெரியாது. பருப்புக் குழம்பில் உப்புப் போதுமா என்று என் மனைவி மரியம் பீவியிடம் கேட்பார். அவள் போதும் என்பாள். அதே குழம்பைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டில் கேட்பார். அங்கே போதாது என்பார்கள். ஆனையூரிலிருந்து தயிர் கொண்டுவரும் தங்கப்பொண்ணு வந்ததும் அவளுக்கும் ஒரு கரண்டி ஊற்றிக் கேட்பார். எல்லாரையும் கேட்டு முடிக்கும்போது குழம்பு பாதியாகியிருக்கும். சந்தேகம் மட்டும் அப்படியே இருக்கும்.

எனக்கு இதெல்லாம் ஆகாது. என் பெயர் பாதுஷா, டிரங்குப் பெட்டி செய்கிறவன். தகரத்தை அளந்தோம், வெட்டினோம், மடக்கித் தட்டினோம் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். இப்படி வெட்டலாமா, அப்படி வெட்டலாமா என்று கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் கடையை மூட வேண்டியதுதான். காஜிமார் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே வீட்டில், முன்கட்டில் அண்ணன் குடும்பமும் பின்கட்டில் நாங்களும் இருந்தோம். முற்றமும் அடுப்படியும் பொது. ஆகையால் மதினியின் குழப்பம் எதுவானாலும் கடைசியில் என் தலையில்தான் வந்து விடியும்.

அண்ணன் இருந்த வரைக்கும் அது யாருக்கும் பாரமாகத் தெரியவில்லை. அண்ணனுக்குத் தோல் மண்டியில் வேலை. சரக்கு விஷயமாகத் திண்டுக்கல், வாணியம்பாடி, பெங்களூர் என்று மாதத்தில் பாதி நாள் ரயிலிலேயே போய்விடும். ஊர் திரும்பி, கைகால் கழுவி, முற்றத்தில் உட்கார்ந்ததும் மதினி அதுவரை சேர்த்து வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். மகள் சாதிகாவுக்குக் கம்மலை மாற்றலாமா? பின்சுவரில் ஓதம் ஏறுகிறதே, சுண்ணாம்பு அடிக்கலாமா? திருமங்கலத்தில் அத்தாவுக்கு உடம்பு சரியில்லையாம், இந்த வாரம் போகலாமா, அடுத்த வாரமா? அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே “செய்”, “வேணாம்”, “அடுத்த வாரம்” என்று ஒரே சொல்லில் பதில் சொல்லுவார். ஒவ்வொரு பதிலுக்கும் மதினியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டு வரும். அவர்கள் இரண்டு பேரும் கொஞ்சிப் பேசி நான் பார்த்ததில்லை. இந்தக் கேள்வி பதிலைத்தான் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை அண்ணன் பெங்களூரிலிருந்து ஒரு ரோஜாச் செடி கொண்டுவந்தார். ஈரச்சாக்கில் சுற்றி, ரயிலில் வழி முழுவதும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். நான் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல்மூடியை வெட்டி எடுத்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கையைக் கிழிக்காதபடி விளிம்பை மடக்கிக் கொடுத்தேன். செம்மண்ணும் சாணித்தூளும் கலந்து அதில் செடியை வைத்தார். பூத்தது பாருங்கள், அப்படியொரு சிவப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. கறி கழுவின தண்ணீரை மதினி அந்தச் செடிக்குத்தான் ஊற்றுவார். அண்ணன் ஊரில் இருக்கும் நாளெல்லாம் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, அடித்தண்டில் எதையோ கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருப்பார். என்ன கிள்ளுகிறார் என்று யாரும் கேட்டதில்லை. பூ மதினியின் தலைக்குப் போகும். மிஞ்சினது கண்ணாடி டம்ளரில் தண்ணீரில் நிற்கும்.

சண்டை தொடங்கின வருஷம் ஐப்பசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த சமயத்தில், வாரக்கணக்காகக் காய்ச்சலில் கிடந்து அண்ணன் மௌத்தாகிவிட்டார்.

எங்களில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, மையவாடியில் அடக்கி மண் தள்ளி முடித்ததும் கபரின் தலைமாட்டில் ஒரு பச்சைக் கிளையை ஊன்றுவது வழக்கம். அது பச்சையாக இருக்கிற வரைக்கும் அல்லாஹ்வைத் துதித்துக்கொண்டிருக்கும், அதனால் உள்ளே இருப்பவருக்கு வேதனை குறையும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். வழியில் இருக்கிற ஏதாவது ஒரு மரத்தில் ஒடித்துக்கொள்வதுதான் நடப்பு. அன்றைக்கு மரியம் பீவி, மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்குகிற நேரத்தில், தகரத்து ரோஜாவில் நீளமாக ஒரு கிளையை வெட்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அண்ணன் ஆசையாக வளர்த்ததாயிற்றே என்று எனக்கும் அது சரியாகப் பட்டது. ஒரு தோளில் அண்ணனையும் ஒரு கையில் அந்த முள்ளையும் பிடித்துக்கொண்டு மழையில் நடந்து போனேன். மையவாடியில் என் கையாலேயே அதை ஊன்றினேன்.

அந்தக் கம்பு பிடித்துக்கொண்டது. மழைக்காலம் முடிவதற்குள் துளிர்த்து, இலை விட்டு, தை பிறக்கும்போது முழங்கால் உயரம் நின்றது. கபரில் ஊன்றின கிளை காய்ந்து சருகாவதுதான் எல்லாரும் பார்த்தது. வேர் விட்டதை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. “கனி அண்ணே நல்ல மனுசன், அதான் மண்ணே ஏத்துக்கிருச்சு” என்று பள்ளிவாசல் வாசலில் பேசிக்கொண்டார்கள். இரண்டு மூன்று பேர் அதைப் பார்ப்பதற்கென்றே போய்வந்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

மதினி அப்போது இத்தாவில் இருந்தார். புருஷனை இழந்த பெண் நான்கு மாதத்துக்கும் மேலாக வீட்டை விட்டு வெளியே போகாமல், பூ, அத்தர், பட்டு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டிய காலம் அது. பூ வைக்கக் கூடாது என்பது தெளிவான விஷயம். மதினிக்கு அது போதவில்லை. பூச்செடி கண்ணில் படலாமா என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் கேட்டிருக்கிறார். ஒருத்தி பார்த்தால் என்ன என்றாள், ஒருத்தி பார்க்காமல் இருப்பது நல்லது என்றாள், இன்னொருத்தி வாசனை மூக்கில் ஏறக் கூடாது என்றாள். கடைசியில் மரியம் பீவியை விட்டு அந்தத் தகரத்தை அடுப்படிக்கு மேலே மெத்தை என்று நாங்கள் சொல்லும் மொட்டைமாடியில், புகைக்கூண்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். எந்தக் கிதாபில் அப்படிப் போட்டிருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மழை இருந்த வரைக்கும் செடி உயிரோடு இருந்திருக்கும். அப்புறம் ஏணி சாத்தி மேலே ஏறித் தண்ணீர் ஊற்ற யாருக்கும் தோன்றவில்லை. பங்குனியில் இத்தா முடிந்து மதினி முதல் வேலையாக என்னை மேலே ஏறிப் பார்க்கச் சொன்னார். தலையிலிருந்து கால் வரைக்கும் கருகிப்போய் நின்றது. கிள்ளிப் பார்த்தேன், பச்சை இல்லை. நான் சொன்னதைக் கேட்டு மதினி அழவில்லை. “அவுக கேட்டா நான் என்ன சொல்லுவேன் தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஜமாத்தில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடித்து, அண்ணன் கபருக்குப் போய்ப் பாத்திஹா ஓதிவிட்டு வருவேன். இத்தாவில் இருக்கும்போதே மதினி திரைக்குப் பின்னால் இருந்து செய்தி சொல்லி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி, போறீகள்ல, அப்படியே அவுககிட்ட ஒண்ணு சொல்லிருங்க. பின்செவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு.”

ஒரு வாரம் சுண்ணாம்பு. ஆடியில் ஒரு வாரம், பழங்காநத்தத்தில் புகுந்த வீட்டிலிருந்த சாதிகா முழுகாமல் இருக்கிற செய்தி. அதாவது பரவாயில்லை. ஒரு வாரம் பூனை குட்டி போட்ட செய்தியைச் சொல்லி அனுப்பினார்.

“மதினி, பூனைக்கதையை எல்லாமா கபர்ல போய்ச் சொல்றது? பக்கத்துல ஆள் நிப்பாக” என்று கத்திவிட்டேன்.

“மெதுவாச் சொல்லுங்க. அவுகளுக்குக் கேக்கும்” என்றார்.

சொல்லாமல் வந்துவிடலாம் என்றுதான் போவேன். அங்கே போய் நின்றால் மனசு கேட்காது. பாத்திஹாவை ஓதிவிட்டு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, அந்த ரோஜாச் செடிக்குக் குனிந்து, “அண்ணே, பூனை குட்டி போட்டிருக்காம்” என்று முணுமுணுத்துவிட்டு வருவேன். வீட்டில் நுழையும்போது மதினி என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டினால் அவர் முகம் தெளிந்துவிடும். அண்ணன் பதில் சொன்னபோது தெளிந்த அதே முகம். அதற்காகத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தகரத்துச் செடி போய்விட்ட பிறகு மதினிக்கு ஒரே எண்ணம்தான். கபரில் பிடித்த செடியிலிருந்து ஒரு கம்பு வெட்டிக்கொண்டு வந்து வீட்டில் வைக்க வேண்டும். அதே செடி, அதே சிவப்பு, மறுபடியும் முற்றத்தில் நிற்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருந்தால் மறுநாளே வெட்டிக் கொண்டுவந்திருப்பேன். மதினி யோசனை கேட்கப் புறப்பட்டார். கபரில் இருப்பதை வெட்டினால் துதி குறையுமா? குறைந்தால் அவருக்கு வேதனை கூடுமா?

என்னைப் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் அனுப்பினார். “வெட்டுற கம்பு இன்னொரு எடத்துல வளந்தா அங்கயும் துதி செய்யும், அதுல குத்தமில்ல. ஆனா கபர் மேல உள்ளதைத் தொடாம விடுறது பேணுதல்” என்றார் ஆலிம்சா. இதை வந்து சொன்னேன். “வெட்டலாங்கிறாரா, வேணாங்கிறாரா?” என்று கேட்டார் மதினி. எனக்கும் தெரியவில்லை. பாங்கு சொல்லும் மோதினார், பள்ளிவாசல் மண்ணில் முளைத்தது பள்ளிவாசலுக்குச் சொந்தம் என்றார். தங்கப்பொண்ணு தயிர்க் கலயத்தை இறக்கி வைத்துவிட்டு, “பொதைச்ச எடத்துல மொளைச்சத வீட்டுக்குள்ள கொண்டாராதீக தாயி” என்றாள். மறுநாள் அவளே, “அவுக வச்ச செடிதானே, அவுககிட்டருந்து வாங்குறதுல என்ன இருக்கு?” என்றாள். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஆனி ஆடியும் போயிற்று. ஆவணியில் இரண்டு தூறல் விழுந்ததும் நான் யாரிடமும் சொல்லாமல் கடைக் கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். “அண்ணே, மதினிக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, பென்சில் கனத்தில் இரண்டு கம்பு வெட்டிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

வைக்கிற விதத்தில் அடுத்த குழப்பம். சாய்வாக வெட்ட வேண்டும் என்றார்கள், நேராக வெட்ட வேண்டும் என்றார்கள். நுனி காயாமல் இருக்கச் சாணியை உருட்டி வைக்க வேண்டும் என்றாள் தங்கப்பொண்ணு. அதற்குள் மதினி இரண்டு கம்பின் இலையையும் முள்ளையும் சுத்தமாக வழித்துவிட்டு, இரண்டு முனையையும் சாய்வாக வெட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தர் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நட எடுத்தபோது எது தலை, எது கால் என்று தெரியவில்லை. மரியம் பீவி பார்த்தாள், நானும் பார்த்தேன். முள் இருந்திருந்தால் அது வளைந்திருக்கிற பக்கத்தை வைத்தாவது சொல்லியிருக்கலாம்.

“ஒண்ணை இப்படி வைக்கேன், இன்னொண்ணை அப்படி வைக்கேன். ரெண்டுல ஒண்ணு சரியாத்தானே இருக்கும்?” என்றார் மதினி.

அவர் யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு, எனக்குத் தெரிந்து அதுதான் முதல். ஓட்டை போட்ட மண்சட்டியில் செம்மண்ணும் ஆற்றுமணலும் கலந்து இரண்டையும் ஊன்றினார். அரிக்கேன் விளக்கின் பழைய சிம்னி ஒன்றை ஒரு கம்பின் மேல் கவிழ்த்தார். இன்னொன்றுக்குச் சிம்னி இல்லாததால் கண்ணாடி டம்ளர். வெயில் படாத மூலையில் வைத்துவிட்டு, காலையில் ஒரு தடவை, அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். தொட்டுப் பார்க்காதீர்கள், ஆட்டாதீர்கள் என்று நான் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. டம்ளர்க் கம்பு பூசணம் பிடித்து அழுகிப்போயிற்று. சிம்னிக்குள் ஒரு நாள் கடுகளவு சிவப்பாக ஒரு முளை தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை செய்தி அதுதான். அதைச் சொல்ல எனக்கும் வெட்கமாக இல்லை.

ஐப்பசி மழையில் செடி மளமளவென்று வந்தது. கார்த்திகையில் சிம்னியை எடுத்துவிட்டோம். தை மாதம் மொட்டு வைத்தது. ஒரு கொத்தில் சின்னச் சின்னதாக நிறைய மொட்டு. மதினி பூரித்துப்போனார். தெருப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு, அவர் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு, பூக்கட்டும் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பூத்தது வெள்ளை.

வெள்ளை என்றால், ரோஜா என்று சொல்லவே கூசுகிற வெள்ளை. ஐந்து இதழ். மல்லிகையைவிடக் கொஞ்சம் பெரிசு. மதினி அதன் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீங்க எந்தக் கபர்ல வெட்டுனீக?”

“அண்ணன் கபர்லதான் மதினி. வேற எங்க போயி வெட்டுவேன்?”

“இது அவுக பூ இல்லையே.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் போய் நிற்கிற இடம் எனக்குத் தெரியாதா? சட்டையை மாட்டிக்கொண்டு நேரே மையவாடிக்கு நடந்தேன். அங்கே அந்தச் செடியும் பூத்திருந்தது. அதுவும் வெள்ளை. கொத்துக் கொத்தாக அதே ஐந்து இதழ்.

அதைப் பார்த்ததும் என் கோபம் இறங்கி, பக்கத்துக் கபர்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் கபர்களில் பெயர் எழுதுவதில்லை. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல், அவ்வளவுதான். அந்தக் காய்ச்சல் வருஷத்தில் வரிசையாக நிறையப் பேரை அடக்கியிருந்தார்கள். எல்லாக் கல்லும் ஒன்று போலத்தான் இருந்தன. நான் இத்தனை நாளும் அண்ணன் கபரை எதை வைத்து அடையாளம் கண்டேன்? அந்த ரோஜாவை வைத்துத்தான். ரோஜா எங்களுடையது இல்லையென்றால் கபரும் எங்களுடையது இல்லை.

மையவாடியைப் பார்த்துக்கொள்ளும் சிக்கந்தர், சுவரோரம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். குழி வெட்டுகிறவரும் அவர்தான். அவரிடம் கேட்டேன்.

“அந்த வருசம் ரெண்டு வீட்டுல ரோஜா ஊனுனாக பாதுஷா. ஒரே வரிசைதான். ஒண்ணை ஆடு புகுந்து தின்னுருச்சு.”

“எதை அண்ணே தின்னுச்சு? எங்களதையா, அவுகளதையா?”

“நான் என்னத்தக் கண்டேன்? பூவா இருந்துச்சு அப்ப? வெறுங்குச்சி. குச்சிக்கு என்னப்பா அடையாளம்?”

வீட்டுக்கு வந்து இதை மறைத்திருக்கலாம். எனக்கு மறைக்க வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதினி கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் செடியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

“அப்ப அவுக எங்க இருக்காக?”

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

“இம்புட்டு நாளா நான் சொல்லி அனுப்புனதெல்லாம் யாருக்குத் தம்பி போச்சு?”

பின்கட்டுக்கு வந்து, மரியம் பீவியின் மேல் எரிந்து விழுந்தேன். அவள் பாவம், என்ன செய்தாள்? ஆலிம்சாவிடம் போனால் அல்லாஹ்வுக்குத் தெரியும், பாத்திஹா சேர வேண்டிய இடத்துக்குச் சேரும் என்றார். பாத்திஹா சேரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பூனைக்குட்டிச் செய்தி சேருமா என்று அவரிடம் எப்படிக் கேட்பது?

அந்த வெள்ளிக்கிழமை மதினி எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அடுத்த வாரம் பழங்காநத்தத்திலிருந்து ஆள் வந்தது. சாதிகாவுக்கு ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் நலம். என்ன பெயர் வைக்கலாம் என்று மருமகன் வீட்டார் மதினியைக் கேட்டனுப்பியிருந்தார்கள். வீட்டில் சர்க்கரை வழங்கினோம், சிரித்தோம். ஜும்மாவுக்குப் புறப்படும்போது நானே போய் நின்றேன்.

“மதினி, அண்ணன்கிட்டச் சொல்லிட்டு வாரேன்.”

“யாருகிட்டச் சொல்லப் போறீக?” என்றார். “வேற வீட்டு ஆளு ஒருத்தர்கிட்டப் போயி, உங்களுக்குப் பேரன் பொறந்திருக்கான்னு சொல்லுவீகளா?”

அவர் கேட்டதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கு மையவாடியில் நான் எந்தக் கபரிலும் நிற்காமல், வாசலிலேயே பொதுவாக எல்லாருக்கும் சலாம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். என் சொந்த அண்ணனை ஊர்ப்பொதுவில் கலந்து விட்டுவிட்டோமே என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. பெயர் கேட்டு வந்தவர்களுக்கும் மதினி பதில் சொல்லவில்லை. யாரிடமும் யோசனை கேட்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சண்டையினால் தகரம் கிடைக்காமல் போன சமயம் அது. பழைய டப்பா, பழைய தகரம் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் மெத்தையில் கிடக்கிற ரோஜாத் தகரம் நினைவுக்கு வந்தது. செத்த செடிக்கு எதற்குத் தகரம் என்று மேலே ஏறினேன். புகைக்கூண்டைச் சுற்றிக்கொண்டு போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

தகரத்தில் செடி உயிரோடு இருந்தது. உயிரோடு மட்டுமா, பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. கொத்துக் கொத்தாக வெள்ளை. ஐந்து இதழ்.

கிட்டே போய்க் குந்தினேன். மேலே கருகின தண்டு கருகினபடியேதான் நின்றது. அது ஒரு முடிச்சு வரைக்கும் வந்து முடிந்தது, முழங்கை மூட்டு மாதிரி ஒரு புடைப்பு. புடைப்புக்குக் கீழே, மண்ணை ஒட்டின அடித்தண்டிலிருந்து மழையில் புதிதாகக் கிளம்பின கிளைகளில்தான் இந்த வெள்ளைப் பூ. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது ஒரு செடி இல்லை, இரண்டு செடி. பெங்களூரில் காட்டு ரோஜாவின் வேரில் நல்ல ரோஜாவை ஒட்டுப்போட்டு விற்றிருக்கிறார்கள். மேலே இருந்தது சிவப்பு. அடியில் இருந்தது வெள்ளை. அண்ணன் குந்தி உட்கார்ந்து கிள்ளிக் கிள்ளிப் போட்டது இந்த அடிக்கிளைகளைத்தான். படுக்கையில் விழுந்த பிறகு கிள்ள ஆள் இல்லை. அது நீளமாக வளர்ந்துவிட்டது.

தகரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். முள் காதைக் கிழித்தது. முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு, மரியம் பீவியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

“அன்னைக்கு மையத்துக்கு நீ எந்தக் கிளையை வெட்டின?”

அவள் பயந்துபோய், “அடியில நின்னதைத்தாங்க வெட்டுனேன். மேல ஒரு மொட்டு இருந்துச்சு. அக்கா அதைப் பாத்துக்கிட்டே இருந்தாக. அதை வெட்ட எனக்கு மனசு வரல” என்றாள்.

மதினி எழுந்து வந்தார். நான் முடிச்சைக் காட்டினேன், கருகின தண்டைக் காட்டினேன், வெள்ளைப் பூவைக் காட்டினேன். அடியில் நின்ற காட்டுக் கிளைதான் கபருக்குப் போயிற்று என்றும், இந்தக் காட்டு ரோஜாவை எந்த வீட்டிலும் ஆசைப்பட்டு வளர்க்க மாட்டார்கள், ஆகவே ஆடு தின்றது அந்த இன்னொரு வீட்டுச் செடியைத்தான் என்றும் சொன்னேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னேன். மதினி தகரத்துப் பூவையும் மண்சட்டிப் பூவையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதழ் எண்ணினார்.

“அப்ப செவப்பு?” என்றார்.

“அது போச்சு மதினி. இனிமே வராது.”

கருகின தண்டை ஒரு தடவை தடவினார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போனாப் போகுது. அவுக அங்கதான் இருக்காக” என்றார். மரியம் பீவி அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது. காது வலி என்று சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் மதினிக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே போங்கள் என்றார். நான் புறப்பட்டேன்.

“பேரன் பொறந்திருக்கான்னு சொல்லுங்க. தாயும் புள்ளையும் நல்லாருக்காகன்னு சொல்லுங்க. கனி முகம்மதுன்னு பேரு வைக்கச் சொல்லி அனுப்பப் போறேன், யாரையும் கேக்கலன்னு சொல்லுங்க.”

“சரி மதினி. வேற ஏதும் சொல்லணுமா?”

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளும் வீட்டைப் பற்றி, மகளைப் பற்றி, பூனையைப் பற்றியெல்லாம் சொல்லி அனுப்பினாரே தவிர, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“நீங்க போனதுலருந்து எனக்கு ஒண்ணுமே வெளங்கலன்னு சொல்லுங்க தம்பி. யாரைக் கேட்டாலும் வெளங்க மாட்டேங்குதுன்னு சொல்லுங்க.”

போனேன். பாத்திஹா ஓதினேன். பேரன் பிறந்ததைச் சொன்னேன், பெயரைச் சொன்னேன். பக்கத்துக் கபரில் ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தவில்லை. மதினி சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். “எனக்கும் அப்படித்தான் இருக்கு அண்ணே” என்று நானும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.